கணக்கை அழிக்காத கணக்கதிகாரி: சர் சி.வி. இராமன்



பிள்ளைகள் படிவம் 4-க்குப் போகும் சமயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு எழும். பிசிக்ஸ் எடுக்கலாமா, வேண்டாமா? அது ரொம்பக் கஷ்டம், நமக்கெல்லாம் வராது, பேசாமல் கணக்கியல் எடுத்துக்கோ என்று பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் ஆலோசனை சொல்வார்கள். கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி, எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான்.

நான் பொறியியல் படிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கோயில் மண்டபத்தில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு இயற்பியல் வீட்டுப்பாடத்தில் உதவுவது வழக்கம். விசை, ஆற்றல், வெப்பம் ஆகிய மூன்று பாடங்களிலும்தான் அவர்கள் அதிகமாகத் திணறுகிறார்கள். சூத்திரம் தெரியாமல் இல்லை. மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள். ஆனால் போட்ட விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடையோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே அழித்துவிடுகிறார்கள். அப்புறம் எண்களை அப்படி இப்படிப் பெருக்கி, வகுத்து, எப்படியாவது அந்த விடையை வரவழைத்துவிடுகிறார்கள். கணக்கு முடிந்தது, புரிந்தது ஒன்றும் இல்லை. நாலு மாதம் இப்படிப் போனால், தனக்கு இது வராது என்று பிள்ளை தானே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

அதனால்தான் இந்த இதழில் ஒரு கணக்கதிகாரியின் வாழ்க்கையைச் சொல்ல வந்தேன். இடிக்கும் கணக்கை அழிக்காமல் வைத்துக்கொண்டு தேடியவர் அவர். அந்தத் தேடல்தான் அவரை நோபல் பரிசு வரைக்கும் கொண்டு போனது.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை ஒட்டிய திருவானைக்காவலில் பிறந்தார். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய தலம் அது. பிற்காலத்தில் நீரைப் பற்றிய ஒரு கேள்விதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போடப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால், ராமனின் சிறுவயது அந்தக் கடற்கரை ஊரில் கழிந்தது.

வீட்டில் பெரிய சொத்து இல்லை. ஆனால் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியைப் பற்றி எழுதிய நூல் ராமனை ரொம்பவே பாதித்தது. இந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் யார் தெரியுமா? ஆற்றல் அழியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும் என்று நாம் படிக்கிற விதியை 1847-இல் கணித வடிவில் விளக்கி எழுதியவர்களில் முக்கியமானவர். ஆக, நம் பாடப்புத்தகத்தில் ஆற்றல் பாடத்துக்குப் பின்னால் நிற்கிற மனிதரோடு ராமனுக்குப் பள்ளி வயதிலேயே பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

11 வயதில் மெட்ரிகுலேஷன். அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரி. 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். உடல் மெலிந்த சின்னப் பையன். இங்கிலாந்து போய்ப் படிக்கலாம் என்ற யோசனை வந்தபோது, அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ராமன் சென்னையிலேயே எம்.ஏ. தொடர்ந்தார்.

அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு சாதாரணப் பயிற்சி உண்டு. முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கவேண்டும். எல்லா மாணவர்களும் அளப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாமும் அப்படித்தானே செய்கிறோம்? ராமனும் அளந்தார். ஆனால் ஒளி சாய்வாகப் படும்போது தெரிந்த கோடுகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மதிப்பெண்ணும் கிடையாது. இருந்தாலும் ஏன் சமமாக இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு கட்டுரை எழுதி, லண்டனில் வெளியான பிலாசாபிகல் மேகசின் என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இவ்வளவு திறமை இருந்தும் ஆராய்ச்சி வேலை என்று ஒன்று அன்றைய இந்தியாவில் கிடையாது. குடும்பம் இருக்கிறது, சம்பளம் வேண்டும். ராமன் இந்திய நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம். 1907-இல் லோகசுந்தரி அம்மாளை மணந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பதவி ஏற்றார். ஆமாம், கணக்கியல் வேலைதான். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பேரேடு பார்க்கிற வேலை. இடையில் கொஞ்ச காலம் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலானார்.

கல்கத்தாவில் ஒருநாள் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் நன்கொடை திரட்டி உருவாக்கிய நிறுவனம் அது. உள்ளே கருவிகள் இருந்தன, ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. ராமன் உள்ளே போய் அனுமதி கேட்டார். கதவு திறந்தது. அன்று தொடங்கிப் பத்தாண்டுகள் அவருடைய நாள் இப்படித்தான் ஓடியது: விடியற்காலை 5.30 மணிக்கெல்லாம் ஆய்வுக்கூடம். 9.45-க்கு வீடு. அவசரக் குளியல், அவசரச் சாப்பாடு, அலுவலகம். மாலை 5 மணிக்கு அலுவலகத்திலிருந்து நேராக மறுபடியும் ஆய்வுக்கூடம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து.

வேலை முடிந்து ராத்திரி படிக்கிற நம் தோட்டத்து அண்ணன்மார்களுக்கு இந்தக் கால அட்டவணை புதிதாக இருக்காது.

அந்த நாட்களில் ராமன் ஆராய்ந்ததெல்லாம் நாம் அன்றாடம் பார்க்கிற, கேட்கிற பொருள்கள்தான். வயலின் தந்தி, வீணை, தம்புரா, மிருதங்கம். கோயில் கச்சேரியில் மிருதங்கத்தைக் கவனித்திருப்பீர்கள். வலந்தலையின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், கரணை என்பார்கள். சாதாரணத் தோல் மேளத்தில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது. அதனால்தான் அதில் சுருதி சேராது. கரணையின் எடை தோலின் அதிர்வை மாற்றி, அந்தத் துணை ஒலிகளை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று ராமன் காட்டினார். 1920-இல் நேச்சர் இதழில் இந்திய மேளங்களைப் பற்றிய கட்டுரை வந்தது. பெயர் தெரியாத நம் முன்னோர்கள் காதால் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்ததை, விசையும் நிறையும் கொண்டு விளக்கிய வேலை அது.

பந்துகள் மோதுவதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மெதுவாக மோதும் கோளங்களைப் படம் எடுத்து ஆராய்ந்த அவருடைய கட்டுரை 1918-இல் ஃபிசிக்கல் ரிவியூ இதழில் வெளியானது. மோதும் வேகம் குறையக் குறைய, பந்துகள் தங்கள் வேகத்தை ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெறுகின்றன என்று அதில் காட்டினார்.

இது அப்படியே நம் வீட்டுப்பாடக் கணக்குதான். 100 கிராம் பந்து 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, 64 சென்டிமீட்டர் எழும்புகிறது என்று வையுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டால், விழும் முன் பந்திடம் இருந்த ஆற்றல் 1 ஜூல். எழும்பிய பின் 0.64 ஜூல். வரவு 1, கையிருப்பு 0.64. மீதி 0.36 ஜூல் எங்கே? தொலைந்துபோகவில்லை. பந்திலும் தரையிலும் வெப்பமாகவும், டொக் என்று கேட்ட சத்தமாகவும் போயிருக்கிறது.

இப்போது விசையைப் பாருங்கள். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.47 மீட்டர், கிளம்பும்போது 3.58 மீட்டர். திசை மாறுவதால் இரண்டையும் கூட்டவேண்டும், 8.05. நிறை 0.1 கிலோகிராமால் பெருக்கினால் உந்த மாற்றம் 0.805. தரையோடு ஒட்டியிருந்த நேரம் 0.01 விநாடி என்றால், பந்தின் மேல் செயல்பட்ட சராசரி நிகர விசை சுமார் 80 நியூட்டன். பந்தின் எடையோ 1 நியூட்டன்தான். ஒரு சின்னப் பந்து குதிக்கும்போது தன் எடையைப் போல் எண்பது மடங்கு விசையை வாங்குகிறது! இதைச் சொன்னவுடன் மண்டபத்தில் இருந்த தம்பிகள் காற்பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

ராமன் கதைக்கு வருவோம். கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி அவரைப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையை ராமன் ஏற்கவில்லை. அவருக்காக அது தளர்த்தப்பட்டது. சம்பளமோ ஏறக்குறைய பாதிதான். அரசாங்க வேலை, உயர்ந்த பதவி, ஓய்வூதியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1917-இல் அவர் போனார். நம் வீடுகளில் இப்படி ஒரு முடிவை எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போனார். முதல் வெளிநாட்டுப் பயணம். நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது என்று பெரிய அறிஞரான ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் சட்டைப் பையில் இருந்த நிக்கல் முப்பட்டகம் என்ற சின்னக் கருவியை எடுத்தார். அதைச் சரியான கோணத்தில் பிடித்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்து ஒளியை மறைத்துவிடலாம். மறைத்துப் பார்த்தார். கடல் நீலமாகவே இருந்தது. அப்படியானால் அந்த நீலம் தண்ணீரிலிருந்தே வருகிறது! பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

அதே ஆண்டுகளில்தான் நம் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கில் இறங்கி, கெடா தோட்டங்களுக்கு நடந்தும் ரயிலிலும் வந்தார்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களும் அந்த நீலத்தைப் பார்த்திருப்பார்கள். ஏன் என்று கேட்க அவர்களுக்கு ஓய்வும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தண்ணீர் எப்படி ஒளியைச் சிதறடிக்கும்? இங்கேதான் வெப்பம் வருகிறது. தண்ணீர் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தாலும், உள்ளே மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. அதனால் நுண்ணிய அளவில் ஓரிடத்தில் கொஞ்சம் நெருக்கம், இன்னோரிடத்தில் கொஞ்சம் இடைவெளி. இந்த ஏற்ற இறக்கத்தில் பட்டு ஒளி சிதறுகிறது. நீல ஒளி அதிகமாகச் சிதறுகிறது. ஸ்மொலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டீனும் வகுத்த கணக்கை ராமன் கடலுக்குப் பொருத்திப் பார்த்தார். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்குவதும் கடலின் நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று சேர்த்துச் சொல்கிறோம்.

கல்கத்தா திரும்பியதும் ராமனும் மாணவர்களும் திரவம் திரவமாக எடுத்து, ஒளி சிதறுவதை ஆராயத் தொடங்கினார்கள். 1923-இல் ராமநாதன் என்ற மாணவர் ஒரு சோதனை செய்தார். வடிகட்டிக் கண்ணாடி மூலம் குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் தண்ணீருக்குள் அனுப்பவேண்டும். வெளியே வரும் வழியில் அந்த நிறத்தை முழுதாகத் தடுக்கும் இன்னொரு கண்ணாடி. கணக்குப்படி எதுவும் தெரியக்கூடாது, இருட்டாக இருக்கவேண்டும். ஆனால் மிக மங்கலாக ஏதோ தெரிந்தது. கணக்கு இடித்தது.

தண்ணீரில் அழுக்கு இருக்கும் என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தினார்கள். அந்த மங்கல் ஒளி போகவில்லை. அழுக்குதான் என்று எழுதி மூடியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் மூடவில்லை. 1925-இல் விருதுநகர் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் வேறு திரவங்களில் அதையே பார்த்தார். 1928 ஜனவரியில் வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் பார்த்தார். நீலமாக வரவேண்டிய ஒளி பச்சையாக வந்தது. பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை. ஐந்து ஆண்டுகள் விடாமல் நின்ற அந்த மங்கல் ஒளி அழுக்கு இல்லை, இயற்கையின் விதி என்று தெரிந்தது. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலைக் கருவியில் புதிய கோடு தனியாகப் பிரிந்து தெரிந்தது. அதுதான் ராமன் விளைவு.

இதற்குள் இருக்கும் கணக்கு படிவம் 5 மாணவர் போடக்கூடியதுதான். பாதரச விளக்கின் நீல ஒளியை பென்சீன் திரவத்தில் செலுத்துவோம். அலைநீளம் 435.8 நானோமீட்டர். அந்த ஒளித்துகள் ஒவ்வொன்றின் ஆற்றல் 2.845 எலக்ட்ரான் வோல்ட். இது வரவு. பென்சீன் மூலக்கூறு அதிரத் தொடங்க 0.123 எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஒளித்துகள் மூலக்கூற்றை மோதி அதை அதிரவிட்டால், அந்த 0.123 செலவு. மீதி 2.722. அதை அலைநீளமாக மாற்றினால் சுமார் 455.5 நானோமீட்டர். ஆக, உள்ளே போன ஒளியின் நிறம் வெளியே வரும்போது கொஞ்சம் மாறிவிடுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் மூலக்கூறு எவ்வளவு வாங்கிக்கொண்டது என்று தெரிந்துவிடும். கழித்தல் கணக்கு, அவ்வளவுதான்!

எதிர்ப்பக்கமும் நடக்கும். வெப்பத்தால் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு, தன் 0.123-ஐ ஒளிக்குக் கொடுத்து அனுப்பலாம். அப்போது ஒளி கூடுதல் ஆற்றலோடு வெளியே வரும். ஆனால் நம் ஊர் வெப்பநிலையில் அப்படி அதிரும் பென்சீன் மூலக்கூறுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் அந்தக் கோடு ரொம்ப மங்கல். சூடேற்றினால் கூடும்.

சிதறும் ஒளியில் இப்படி நிறம் மாறுவது ஏறக்குறைய கோடியில் ஒரு துகள்தான். அதைப் பிடிக்க ராமனிடம் இருந்தது வெயில், அதைக் குவிக்க 7 அங்குலத் தொலைநோக்கி வில்லை, வடிகட்டிக் கண்ணாடிகள், பாதரச விளக்கு, சிறிய நிறமாலைக் கருவி. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்ற இருவரும் அதே சமயத்தில் படிகங்களில் இதையே கண்டார்கள். ராமன் முந்தி அறிவித்தார். 1929-இல் சர் பட்டம். 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு. அறிவியல் துறையில் நோபல் பெற்ற முதல் ஆசியர், திருவானைக்காவலில் பிறந்த இந்தத் தமிழர்.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1934-இல் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். 1948-இல் ஓய்வு பெற்றபின் தம் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, கடைசிவரை அங்கேயே வைரம், பூக்களின் நிறம் என்று ஆராய்ந்தார். 1954-இல் பாரத ரத்னா கிடைத்தது.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போவது நம் பத்திரிகைகளில் வழக்கம். கணக்கு என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்யக்கூடாது. 1933-இல் கமலா என்ற இளம்பெண் ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே ராமன் மறுத்தார். அவர் விடாமல் போராடினார். ஓராண்டு சோதனை என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. பின்னாளில் கமலா சொஹோனி என்று அறியப்பட்ட அவர் 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். மண்டபத்தில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கு இந்தப் பகுதியை நான் தவறாமல் சொல்வேன். கதவை மூடியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று, படிகங்களின் தன்வெப்பம். அணுக்கள் எப்படி அதிர்கின்றன, அதனால் ஒரு படிகம் எவ்வளவு வெப்பத்தை ஏற்கும் என்பதில் மாக்ஸ் பார்ன் என்ற அறிஞரோடு ராமனுக்குப் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. பிந்தைய சோதனைகள் பார்ன் பக்கமே நின்றன. ராமன் தம் கருத்தை விடவில்லை. இளமையில் கணக்கு இடித்த இடத்தை விடாமல் பார்த்த அதே மனிதர், முதுமையில் தம் கணக்கே இடித்தபோது பார்க்க மறுத்தார். நோபல் பரிசு வாங்கினாலும் கணக்கைத் திரும்பச் சரிபார்க்கிற பழக்கம் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று?

1970 நவம்பர் 21-ஆம் நாள் ராமன் பெங்களூரில் மறைந்தார். சடங்குகளில் நாட்டமில்லாத அவர் விரும்பியபடி, ஆராய்ச்சி நிலையத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். நினைவு மண்டபம் கிடையாது, அந்த இடத்தில் ஒரு மரம்தான் நிற்கிறது. 1987 முதல் இந்தியாவில் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். இன்று மருந்து கலப்படமா, ரத்தினக்கல் அசலா என்று பார்க்க ராமன் முறை பயன்படுகிறது. செவ்வாய்க் கோளில் ஊர்ந்துபோகும் பெர்சிவரன்ஸ் வண்டியிலும் பாறைகளை ஆராய அந்த முறைக் கருவிகள் இருக்கின்றன.

சரி, நமக்கு என்ன?

தம்பி, தங்கைகளே, அடுத்த முறை வீட்டுப்பாடம் செய்யும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, சூத்திரத்தைத் தேடும் முன் படம் போடுங்கள். பொருளின் மேல் என்னென்ன விசை, எந்தத் திசையில் என்று அம்பு போடுங்கள். இரண்டு, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதுங்கள். ஆற்றல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது. வெப்பத்தை யார் கொடுத்தார், யார் வாங்கினார். மூன்று, விடை ஒத்துப்போகவில்லை என்றால் அழிக்காதீர்கள். பக்கத்திலேயே எங்கே போச்சு என்று எழுதிவிட்டுத் தேடுங்கள். நீங்கள் போட்டது தப்பாக இருக்கலாம். ஏதோ ஒன்றை வரவில் எழுத மறந்திருக்கலாம். சில சமயம் புத்தகத்தின் விடையே தப்பாக இருக்கும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். 90 டிகிரி சூட்டில் 200 கிராம் தேநீர், அதில் 30 டிகிரியில் 100 கிராம் தண்ணீர். கணக்குப்படி 70 டிகிரி வரவேண்டும். வெப்பமானியில் 66 வந்தால் தப்பு என்று கொட்டிவிடாதீர்கள். 300 கிராம், 4 டிகிரி, தண்ணீரின் தன்வெப்பம் கிராமுக்கு 4.2 ஜூல். ஆக 5040 ஜூல் காணோம். கோப்பையைத் தொட்டுப் பாருங்கள், அங்கே கொஞ்சம் இருக்கும். மேலே எழும் ஆவியைப் பாருங்கள், அதிலும் கொஞ்சம் போயிருக்கும்.

இன்னொன்று, இது நம் கெடாவுக்கே உரியது. ஓர் அகலமான ரப்பர் வளையத்தை எடுத்துச் சட்டென்று இழுத்து, உடனே மேல் உதட்டில் ஒட்டிப் பாருங்கள். சூடாக இருக்கும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, சட்டென்று தளரவிட்டு மறுபடியும் உதட்டில் வையுங்கள். இப்போது குளிரும். நீங்கள் கொடுத்த விசை, அது செய்த வேலை, அதனால் எழுந்த வெப்பம், மூன்று பாடமும் அந்த ஒரு வளையத்துக்குள் இருக்கிறது. நம் முன்னோர்கள் விடியற்காலையில் மங்கு மங்காகச் சேர்த்த பாலில் இவ்வளவு இயற்பியல் இருந்திருக்கிறது.

அது ஏன் சூடாகிறது? விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் விடுமுறையில் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள், சேர்ந்து தேடுவோம். பிசிக்ஸ் எடுக்கலாமா என்று வீட்டில் கேட்டால், எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.